தங்கதுரைக்கு எல்லாம் புரிஞ்சிடுச்சு

புரிஞ்சிபோச்சு ஆசாமின்னு ஒரு இனம் இருக்குதுங்க. எதிராளி வாயைத் திறக்கிறதுக்குள்ள இதுக்குத் தலை ஆட ஆரம்பிச்சிடும். டாக்டர் மருந்து சொன்னா ஆட்டும், வக்கீல் வழக்கைச் சொன்னா ஆட்டும், கரும்பு ஆலை ஆபீசரு அரை மணி நேரம் பேசினா அத்தனைக்கும் ஆட்டிட்டு, வெளியே வந்து பக்கத்து ஆள்கிட்ட, "இன்னா சொன்னாரு?"ன்னு கேக்கும். எங்கேயும் தேட வேணாம். நான் பெத்ததே ஒண்ணு இருக்குது, பேரு தங்கதுரை.

இடஒதுக்கீடு கேட்டு ரோட்டுல மரத்தை வெட்டிப் போட்ட வருஷம். கள்ளக்குறிச்சி பஸ்ஸு நடுவழியில நின்னுடுச்சு. உள்ள நானு, தங்கதுரை, எம் பொண்ணு வயித்துப் பேத்தி சுபஸ்ரீ. மறுவாரம் அவ ஒரு பள்ளிக்கூடத்துல பாடம் நடத்திக் காட்டணும்; பசங்களுக்கு விளங்கினாத்தான் டீச்சர் வேலை. தூரத்து நட்சத்திரக் கூட்டத்து வெளிச்சம் ஏன் செவப்புப் பக்கம் நகருதுன்னு பாடம். எங்ககிட்ட ஒத்திகை பார்த்தா.

ரயிலு கிட்ட வந்தா ஊதல் கீச்சுன்னு கேக்கும், தாண்டிப் போனா கட்டைக் குரலாயிடும், அது மாதிரின்னு ஆரம்பிச்சா. தங்கதுரை தலை ஆடுது.

"எனக்கு வெளங்கலடி. ரயிலு ஓடுது, சரி. நட்சத்திரமும் அப்படி ஓடுதா?"

"இல்ல ஆயா. நடுவுல இருக்கிற இடமே நீளுது."

"அப்புறம் ரயில எதுக்குக் கொண்டாந்த?"

"எனக்குப் புரியுது, நீ சும்மா இரும்மா,"ன்னான் இவன்.

சுபஸ்ரீ அவன் பக்கம் திரும்பினா. "இன்னா மாமா புரிஞ்சிது?"

"அவ்ளோ தூரம் வர்றதுக்குள்ள வெளிச்சத்துக்குக் களைப்பு. அதான் செவந்து போவுது."

பொண்ணுக்கு மொகம் சுண்டிப்போச்சு. வேலை கைவுட்டுப் போச்சுன்னே நெனைச்சிருப்பா. அப்புறம் என்ன தோணிச்சோ, அவன் மலையிலேர்ந்து கொண்டாந்த கடுக்காய் மூட்டையைக் கட்டியிருந்த சைக்கிள் டியூபை அவுத்தா. சாக்பீஸால அது மேல நெருக்கநெருக்கமா அலை போட்டா. ஒரு முனை எனக்கு, ஒரு முனை அவனுக்கு. இழுத்தோம். அலை அகலமாயிடுச்சு.

"நெருக்கமா இருந்தா நீலம் ஆயா, அகலமானா செவப்பு. வெளிச்சம் வந்துக்கினு இருக்கும்போதே வழி நீளுது. அதோட அலையும் நீளுது."

அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. தங்கதுரை தலையாட்டுற வேகத்துல பிடியை வுட்டுட்டான். டியூபு என் கையில பளீர்னு அடிச்சிது, கட்டு அவுந்திருந்த மூட்டை சாஞ்சு கடுக்காய் பஸ்ஸு பூரா உருண்டுச்சு.

பள்ளிக்கூடத்துல ரயிலு இல்ல, டியூபுதான். புரியுதான்னு கேட்டா அத்தனை தலையும் ஆடிச்சாம். அவ நம்பல. புரியாதவங்க யாருன்னு கேட்டிருக்கா. கடைசி பெஞ்சுல ஒரு பொண்ணு கையைத் தூக்கிச்சாம். அந்தப் பொண்ணு கையிலதான் டியூபோட ஒரு முனையைக் குடுத்தாளாம். வேலையும் கெடைச்சிது.

சரி, இவ்வளவு நேரம் நீங்களும் தலையாட்டிக்கினுதானே வந்தீங்க? வெளிச்சம் ஏன் செவக்குது, சொல்லுங்க பாப்போம். களைப்புன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அந்த எடத்துல ஏற்கெனவே எம் புள்ள குந்திக்கினு இருக்கான்.