அரை விலைக்கு உரியவர்

மயிலாப்பூரில் சங்கீதத்தை வாழவைத்தவர்கள் யார் யார் என்று என்னைக் கேட்டால், நான் முதலில் சொல்வது ஒரு வரிகூடப் பாடத் தெரியாத ஒரு மனிதரைத்தான். சுருதிப் பெட்டியை எந்தப் பக்கம் திறப்பது என்பதே அவருக்குத் தெரியாது. குளிக்கும்போது அவர் முணுமுணுத்தால், தண்ணீரை நிறுத்தாமல் பாட்டை மட்டும் நிறுத்தும்படி வீட்டில் சொல்லிவிடுவார்களாம். இருந்தும், 1940களில் தெப்பக்குளத்துக்குப் பின்புறம் கொட்டகை போட்டு நடந்த சபையில், அவர் வந்து உட்காருவதற்கு முன் வாய் திறக்க எந்தப் பெரிய வித்வானும் துணிந்ததில்லை.

அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் என்னவோ, நான் அறியேன். ஊருக்கெல்லாம் அவர் 'முதல் வரிசை மாமா'. பாடுகிறவருக்கு நேர் எதிரே உள்ள நாற்காலி அவருடையது. ஐகோர்ட்டு ஜட்ஜ் ஒருவர் தவறிப்போய் அதில் அமர்ந்துவிட்டாலும், சபைச் செயலாளர் ஓடிவந்து பணிவோடு எழுப்பிவிடுவார்.

அந்த நாற்காலியில் அமர்ந்து மாமா தலையை ஆட்டுவார். செய்தது அவ்வளவே. ஆனால் அந்தத் தலை சாதாரணத் தலையன்று. ஆலாபனை மெதுவாக விரியும்போது இளங்காற்றில் ஆடும் மணிபோல் இலேசாக அசையும். ஸ்வரங்கள் வேகம் கொண்டால் மேலும் கீழும் துள்ளும். அருமையான ஓரிடத்தில் பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டி, "ஐயோ" என்று மெல்லிய ஒரு சொல் வரும். அந்த ஒரு சொல்லுக்காகத் தஞ்சாவூரிலிருந்து ரயிலேறி வந்த வித்வான்கள் உண்டு. அவருக்கு நேர் பின்னால், இரண்டாம் வரிசையில் அமரும் பேறு எனக்கு வாய்த்திருந்தது. ஆகவே பாடியவர்கள் பலரின் முகத்தை நான் கண்டதில்லை. கூட்டம் மிகுந்த சந்நிதியில் முன்னால் நிற்கும் அடியாரின் முதுகைத் தரிசித்துவிட்டுத் திரும்புபவனைப் போல், மாமாவின் பிடரியைப் பார்த்தே அந்தக் காலத்துச் சங்கீதம் முழுவதையும் அனுபவித்தேன்.

கொட்டகைக்கு எதிர்ச்சாரியில் ராயர் காபி கிளப் இருந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த நாட்கள். சர்க்கரைக்குப் பங்கீடு வந்து, காபி தன் இனிமையைப் பெயரளவில் மட்டும் வைத்துக்கொண்டிருந்தது. அந்த மார்கழியில் ராயருக்கு ஒரு யோசனை உதித்தது. ஒரு வித்வான் அடை சாப்பிட வந்தால், அவர் அடை சாப்பிடுவதைப் பார்க்கப் பத்துப் பேர் வருவார்கள். அந்தப் பத்துப் பேரும் முழு விலை கொடுப்பார்கள். இவ்வாறு கணித்து, 'சங்கீத வித்வான்களுக்கு மார்கழி முழுவதும் அரை விலை' என்று வாசலில் பலகை மாட்டினார்.

மயிலாப்பூரில் எத்தனை வித்வான்கள் வாழ்கிறார்கள் என்பது மறுநாள்தான் ஊருக்குத் தெரிந்தது. கோடையில் புல்லாங்குழல் கற்கத் தொடங்கி மழைக்காலத்தில் நிறுத்திவிட்டவர் வந்தார். ஆர்மோனியம் பழுது பார்ப்பவர் வந்தார். நலங்குப் பாட்டுப் பாடும் ஓர் அம்மாள் தமக்காகத் தம் மாப்பிள்ளையை அனுப்பிவைத்தார். ராயர் திகைத்து, "மேடை ஏறி உட்கார்ந்தவருக்கு மட்டும்" என்று விதி வகுத்தார். உடனே, கச்சேரிக்கு ஜமக்காளம் விரிப்பவர், எல்லாருக்கும் முந்தி மேடையில் உட்கார்ந்து சுருக்கம் நீக்குபவர் தாமே என்று வாதாடி, அரை விலையில் போண்டா தின்றுவிட்டுப் போனார்.

அன்று மாலைதான் மாமா அடையைத் தின்று முடித்துக் கல்லாவின் முன் நின்றார். நான் அவர் பின்னால் நின்றேன்.

"ராயரே, அரை விலை எடுத்துக்கோங்கோ."

"எதுக்கு சுவாமி?"

"பலகை மாட்டியிருக்கேளே."

"அது வித்வான்களுக்குன்னா. உங்களுக்கு என்ன வாத்தியம்?"

"தலை."

ராயர் என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்தேன்.

"தலையிலே என்ன வாசிப்பேள்?"

"எதிர்ல இருக்கறவாளை நன்னா வாசிக்க வைப்பேன்."

"மேடை ஏறினதுண்டா?"

"ஏறினதில்லை. ஆனா மேடையிலே இருக்கற அத்தனை பேரும் என்னைப் பார்த்துண்டுதானே உக்காந்திருக்கா? முதுகைக் காட்டிண்டா உக்காந்திருக்கா?"

ராயர் பதில் தேடுவதற்குள் மாமா மேலே பேசத் தொடங்கிவிட்டார். "அடியார்கள்லாம் ஊர் ஊராப் போய்ப் பாடினா, சரி. கோயிலுக்குள்ள உக்காந்துண்டு சுவாமி என்ன பண்ணினார்?"

"என்ன பண்ணினார்?"

"ரசிச்சார். வேற ஒண்ணும் பண்ணலை. கோபுரம் அவருக்குத்தான் கட்டியிருக்கு. பாடினவா பிராகாரத்திலே வரிசையா நின்னுண்டிருக்கா."

நாள்தோறும் அந்தப் பிராகாரத்தை வலம் வந்தவன் நான். அடியார் திருவுருவங்களின் வரிசையை வணங்கியே உள்ளே சென்றவன். இந்தக் கோணம் எனக்குத் தோன்றியதே இல்லை. மெய் சிலிர்த்து நின்றேன்.

ராயருக்குச் சிலிர்க்கவில்லை. "சுவாமிகிட்ட நான் அரை விலைகூட வாங்கறதில்லை. தினம் முதல் டம்ளர் அவர் படத்துக்கு முன்னாலதான். ஆனா இத்தனை வருஷத்திலே, அடைக்கு இன்னும் கொஞ்சம் வெண்ணெய் வைன்னு அவர் ஒரு நாளும் சொன்னதில்லை" என்றார்.

மாமா முழு விலையை வைத்துவிட்டு வெளியே வந்தார். நான் ஆறுதலாக, "போறது மாமா, ஒரு அணா விஷயம்" என்றேன்.

"அணாவா? பென்ஷன் வரதுடா எனக்கு. ஆபீஸ்ல இருந்த நாள் முழுக்க நான் ஒரு வேலையும் உருப்படியாப் பண்ணினதில்லை. உருப்படியாப் பண்ணினது இது ஒண்ணுதான். அது வேலையா, வெட்டிப்பொழுதான்னு ஆத்துல தினம் மாமி பிராணனை வாங்கறா. ராயர் பலகையிலே ஒரு வரி வந்துதுன்னா, கையைப் பிடிச்சு அழைச்சுண்டு வந்து காட்டிடுவேன். வேலைன்னு ஒத்துக்கறவரைக்கும் இனிமே வேலை கிடையாது."

"கச்சேரிக்கு வரமாட்டேளா?"

"வருவேன். உக்காருவேன். தலை ஆடாது."

சொன்னதைச் செய்தார். மறுநாள் பாடியவர் பெரிய வித்வான், பெயர் வேண்டாம். கம்பீரமாகத் தோடியைத் தொடங்கியவர், எதிரே பார்த்தார். கர்ப்பக்கிருகத்துக் கற்சிலைபோல் மாமா அமர்ந்திருந்தார். வித்வான் தம்புராவைத் திரும்பிப் பார்த்தார். சுருதி சரியாக இருந்தது. பிடில்காரரைப் பார்த்தார், அவர் மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வித்வான் வெந்நீர் குடித்தார், சால்வையைச் சரிசெய்தார், விட்ட இடத்தை மறந்து, பாடிய பிடிகளையே மறுபடி பாடினார். வீடு திரும்பும்வரை, "தோடியிலே நான் என்ன தப்புப் பண்ணினேன்" என்று மிருதங்கக்காரரிடம் புலம்பிக்கொண்டே போனாராம்.

அடுத்தடுத்த கச்சேரிகளிலும் இதே கதை. இதில் ஒருவரும் எதிர்பாராத ஒரு விளைவு நேர்ந்தது. சரியாகப் பாடாத வித்வானுக்குப் பசிப்பதில்லை. ஒருவர் பின் ஒருவராக அவர்கள் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு நேரே வண்டியேறிப் போனார்கள். வித்வான்கள் வராத கிளப்புக்கு வேடிக்கை பார்ப்பவர்களும் வரவில்லை. ராயரின் அடை மாவு புளித்தது. கொட்டகைக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்க்க, கலைஞர்களுக்குக் காபி கொண்டுபோகும் சாக்கில் கூஜாவைத் தாமே ஏந்திக்கொண்டு ராயர் புறப்பட்டார்.

அன்று பகல் கச்சேரி. திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு புதிய பெண். அவளுக்கு அதுவே முதல் மேடை. அவளுடைய தகப்பனார் தூணோரம் கைகூப்பியபடி நின்றிருந்தார். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு காம்போதியைத் தொடங்கினாள். நிஜமாகவே நல்ல குரல். சிறிது நேரத்தில் மாமாவின் பிடரியில் நரம்பு புடைப்பதைக் கண்டேன். தலை துடித்தது. இடப்புறம் ஒரு விரற்கடை போயிற்று, இழுத்து நிறுத்தினார். வலப்புறம் போயிற்று. இனித் தாங்காது என்று தெரிந்தபோது, இரண்டு கைகளாலும் தலையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அவள் கண்ணைத் திறந்தாள்.

முதல் வரிசை மாமா அவள் பாட்டைச் சகிக்காமல் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறார் என்றுதான் எவருக்கும் தோன்றும். அவளுக்கும் தோன்றியது. பாட்டு பாதி மூச்சில் நின்றது. பிடில் தானாகச் சிறிது தூரம் போய் அதுவும் நின்றது. தூணோரம் கூப்பியிருந்த கைகள் மெல்லக் கீழே இறங்கின.

மாமா எழுந்தார். முதல் வரிசை நாற்காலியிலிருந்து கச்சேரி நடுவில் அவர் எழுந்ததை அதற்கு முன் எவரும் பார்த்ததில்லை.

"பாடும்மா. சண்டை ராயரோட, உன்னோட இல்லை. நன்னாத்தான் பாடறே. ஆடாம பிடிச்சு வெச்சிருக்கேன், கழுத்து விண்ணுவிண்ணுன்னு வலிக்கறது. நீ பாடு, நான் விட்டுடறேன்."

உட்கார்ந்தார்; கைகளை எடுத்தார். பல நாள் அடக்கிவைத்த அசைவுகளெல்லாம் ஒன்றாகப் புறப்பட்டன. தலை ஆடியது, தோள் ஆடியது, நாற்காலி ஆடியது. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். திரை விலகித் தீபாராதனை தெரியும் கணத்தில் கூட்டம் முழுவதும் ஒரே மூச்சாய் ஆவதுண்டல்லவா, அப்படி ஆயிற்று கொட்டகை. "ஐயோ" என்றார் மாமா. திரும்பிப் பார்த்தேன். கூஜாவோடு ராயர் நின்றிருந்தார். காபி கொண்டுவந்தது அவருக்கு நினைவிருந்ததாகத் தெரியவில்லை.

வெளியே வந்த மாமா வாடிப்போயிருந்தார். "போச்சு. வேலை நிறுத்தத்தை நானே முறிச்சுட்டேன். இனிமே எந்த மூஞ்சியை வெச்சுண்டு ராயர்கிட்ட நிக்கறது?"

மறுநாள் காலை பலகையில் புதிதாக ஒரு வரி எழுதியிருந்தது: 'நல்ல ரசிகர்களுக்கும்.' மாமா மாமியைக் கையோடு அழைத்துவந்து அதன் முன் நிறுத்தினார். மாமி நிதானமாகப் படித்துவிட்டு, "நல்லன்னு போட்டிருக்கே, அது யாரு?" என்றாள்.

மாமி கேட்டது வேடிக்கைக்கல்ல என்பது மாலையில் விளங்கிற்று. மயிலாப்பூர் முழுவதும் ரசிகர்களாகி ராயர் வாசலில் நின்றது. கையைப் பிசைந்த ராயர், "சுவாமி, அரை விலை கேட்டது நீங்க. யாருக்கு உண்டு, யாருக்கு இல்லைன்னு நீங்களே சொல்லிடுங்கோ" என்று கல்லாவின் பக்கத்தில் மாமாவுக்கு ஒரு முக்காலி போட்டுவிட்டார்.

மாமாவின் நியாயத்தீர்ப்பில் தயவுதாட்சணியம் கிடையாது. ஆலாபனையின்போது கடிகாரம் பார்த்த வக்கீலுக்கு முழு விலை. பக்கத்தில் இருப்பவரிடம் ராகத்தின் பெயரைச் சத்தமாகச் சொன்னவருக்கு முழு விலை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டம்: மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் வாசிக்கும்போது எழுந்து காபி குடிக்க வந்த அத்தனை பேருக்கும் முழு விலை, உட்கார்ந்து கேட்டு, அது முடிந்தபின் வந்தவர்களுக்கு மட்டும் அரை விலை. கச்சேரிக்கு வருகிறவர்களின் இயல்பை அறிந்த ராயர் அந்தச் சட்டத்தால் ஒரு காசும் இழக்கவில்லை.

கொட்டகை வாசலில் சவாரிக்குக் காத்திருக்கும் ரிக்ஷாக்காரர் முனுசாமியும் ஒரு நாள் முக்காலியின் முன் வந்து நின்றார். "நானும் வெளிய குந்திக்கினு கேட்டுக்கினுதான் கீறேன் சாமி."

"பொய் சொல்லாதே. நேத்திக்குத் தூங்கிண்டிருந்தே, நானே பார்த்தேன்."

"ஆமா தூங்கினேன். இன்னா பண்றது நைனா, தாலாட்டுற மாதிரி இருந்துச்சு. கண்ணு தானா சொருவிக்கிச்சு."

மாமா யோசித்தார். "நேத்திக்கு நீலாம்பரி. அதுக்குத் தூக்கம் வரதுதான் நியாயம். இவருக்கு அரை விலை, ராயரே."

"அதுக்கு மொத நாளும் தூங்கினேன் சாமி."

"அது அடாணா, தூங்கறவனையும் எழுப்பற ராகம். அதுக்குத் தூங்கினவன் முழு விலை குடுக்கணும். இன்னிக்கு இதோட நிறுத்திக்கோ."

மார்கழி முடியும் தறுவாயில் ஒரு மாலை, மாமா அடை தின்று முடித்து, முக்காலியைக் கடந்து கல்லாவுக்கு வந்து முழு விலையை வைத்தார். ராயர் பாதியைத் திருப்பித் தள்ளினார். மாமா மறுபடி முன்னால் தள்ளினார்.

"என்ன சுவாமி, உங்களுக்கே முழு விலையா?"

"பல்லவி பாடறச்சே நான் அடையை நெனச்சுண்டிருந்தேன்."

"தலை ஆடிண்டுதானே இருந்தது? நானே வாசல்லேர்ந்து பார்த்தேனே."

"தலை ஆடித்து. நான் இல்லை. எடுத்துக்கோங்கோ."

அதன்பின் ராயர் எவ்வளவோ மன்றாடியும் அவர் இசையவில்லை. அரை விலைக்காக ஒரு மார்கழியையே கலக்கிய மனிதர், அன்று முழு விலைக்காக அதே பிடிவாதத்தோடு நின்று, வென்று, வீட்டுக்குப் போனார்.

எனக்கு வயதாகிவிட்டது. இன்றும் சந்நிதியில் நின்று பதிகம் சொல்கிறேன். நாக்கு பிசகாமல் சொல்லிக்கொண்டிருக்கும். மனம் கடைத்தெருவுக்குப் போய் வந்துவிடும். அத்தகைய நாட்களில் உண்டியலில் வழக்கத்தைவிட இரண்டு மடங்காகப் போட்டுவிட்டுத்தான் வெளியே வருகிறேன். போடும்போது சுவாமியை நினைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் பார்க்கிறேன். மாமாதான் நினைவுக்கு வருகிறார்.