நாற்பது அடிக்கு ஒரு முழம் குறைச்சல்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நான் சுகம்; முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீயும் உன் வீட்டாரும் நலமென்றே எடுத்துக்கொள்கிறேன். உடம்புக்கு முடியாதபோதுதான் உனக்கு அக்கா நினைவு வரும். இப்போது கொஞ்ச நாளாகச் சத்தமில்லை.

வீடு பிழைத்துவிட்டது. நீ கடிதத்தின் நடுப்பகுதியைப் படிக்காத ஆள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். நிம்மதியாக இருக்கிறேன். இனி நடந்ததைக் கேள்.

"இந்த வயசுல உனக்கு எதுக்குக்கா இவ்வளவு பெரிய வீடும் தோட்டமும்?" என்று போனில் சொல்லிச் சொல்லி என் காதைத் தேய்த்துவிட்டு, அந்த அடுக்குமாடிக்காரரையும் நீதானே அனுப்பி வைத்தாய். வந்தவர், உன் அத்தானின் நாற்காலியில் யாரையும் கேட்காமல் உட்கார்ந்து ஒரு படத்தை விரித்தார். பன்னிரண்டு மாடி. என் ரோஜாப் பாத்தி இருக்கும் இடத்தில் கார்கள். "செடியெல்லாம்?" என்றேன். "மொட்டை மாடியில தொட்டி வச்சுத் தர்றோம்மா" என்றார். அதையாவது பொறுத்தேன். "எப்படியும் இது இடிஞ்சு விழற வீடுதானேம்மா" என்றார் பார், அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. "உங்க இன்ஜினியரையே கூட்டிட்டு வாங்க. அவர் ஒழுங்கா சோதிச்சுப் பார்த்து வீடு பலமில்லன்னு சொல்லட்டும், அன்னிக்கே கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லிவிட்டேன். உள்ளே என் நாத்தனார் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் வாசல் வரை கேட்டது. பாவம், அவள் பிறந்ததே இந்த வீட்டில்தான். கல்யாணம் வேண்டாமென்று இங்கேயே இருந்துவிட்டவள். அவளைக் கேட்காமல் வாக்குக் கொடுத்தது நான்.

இன்ஜினியர் வந்தார். சட்டைப் பையில் மூன்று பேனா. கேட்டருகே நின்றபடியே எழுத ஆரம்பித்துவிட்டார். "என்ன எழுதறீங்க?" என்றேன். "ரிப்போர்ட்மா." "இன்னும் உள்ளயே வரலையே?" "பார்த்தாலே தெரியுதும்மா." தம்பி, ஓரக்கோடு கோணினால் பக்கம் முழுவதையும் திரும்ப எழுத வைத்த கான்வென்ட் சிஸ்டர்களிடம் படித்தவள் நான். அரைகுறை வேலையை என் வீட்டு வாசலில் எப்படி அனுமதிப்பேன்? உள்ளே அழைத்து, ஏணி போட்டு, ஏணியை நானே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சுவராகத் தட்டிப் பார்க்க வைத்தேன். கூடம், சமையலறை, தாழ்வாரம், எல்லாம் கல்லுமாதிரி. அவருக்குக் கைதான் வலித்தது. "வீடு நல்லாத்தான்மா இருக்கு" என்று சொல்லிக் கிளம்பினார். காபி கொடுத்து அனுப்பியிருக்க வேண்டியதுதானே? என் வாய் சும்மா இருந்தால்தானே! "மாடியில பின்னறையைப் பார்க்கலையே?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

நாத்தனார் ஓடிப்போய் மாடிப்படியை மறித்து நின்றாள். "அது சாவி தொலைஞ்சு போச்சு." "சாவி என் இடுப்புல இருக்கு" என்றேன். அந்த அறை உத்திரத்தில் கரையான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அவர் விரலை வைத்தார், விரல் உள்ளே போய்விட்டது. சரியாகத் தெரியட்டுமென்று டார்ச் அடித்துக் காட்டினேன். "அண்ணி, அவர் எதிரி ஆளு! நீங்க வெளிச்சம் வேற காட்டறீங்களே!" என்று கத்தினாள். "காட்டாம விட்டா அது சோதனையா?" என்றேன். வீறாப்பாகத்தான் சொன்னேன். ஆனால் அவர் 'பலமில்லை' என்று எழுதியபோது டார்ச்சை அணைக்கக்கூட மறந்து நின்றேன். நாத்தனார் கொய்யா மரத்தடியில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். ஆனால் படிக்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. இன்ஜினியர் நீட்டிய ஒப்பந்தத்தை வரி விடாமல் படித்துக்கொண்டே வந்தால், தெருவின் அகலம் நாற்பது அடி என்று இருந்தது. "அளந்தீங்களா?" "நாற்பதடித் தெருன்னு ஊருக்கே தெரியும்மா." "ஊருக்குத் தெரிஞ்சது இருக்கட்டும், உங்க டேப்புக்குத் தெரியுமா?" அளக்காமல் போட மாட்டேன் என்று பேனாவை மூடிவிட்டேன். வேறு உள்நோக்கம் ஏதும் இல்லை. தப்பான கணக்குக்குக் கீழே என் பெயர் வரக்கூடாது, அவ்வளவுதான்.

நம் மதிலடியில் ஒரு முனையை நான் பிடித்தேன். எதிர் மதிலில் அவர். நடுவில் பால் வண்டி நின்றது, அதன் பின்னால் பள்ளிக்கூடப் பேருந்து, அதன் பின்னால் ஊரே நின்று ஹாரன் அடித்தது. அவர் டேப்பைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி பார்த்தார். "கொஞ்சம் தளர்த்திப் பிடிங்கம்மா." "டேப்பைத் தொங்க விட்டா தெரு அகலமாயிடுமா?" என்றேன். ஒரு முழம் குறைந்தது. அவருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. அடுக்குமாடிக்காரர் காரில் பறந்து வந்தார். தானே குனிந்து அளந்தார். அப்போதும் ஒரு முழம் குறைந்தது. நாற்பது அடி இல்லாத தெருவில் அடுக்குமாடிக்கு அனுமதியே கிடையாதாம். எனக்கு இந்தச் சட்டமெல்லாம் எங்கே தெரியும்!

"நான் கையெழுத்துக்குத் தயார்" என்றேன்.

"வேணாம்மா."

"வாக்குக் குடுத்திருக்கேனே?"

"அந்த வாக்கை நான் திருப்பிக் குடுத்துட்டேன்மா! தயவுசெஞ்சு உள்ள போங்க!"

பழைய வீடுகள் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவர், இத்தனை நாளாக டீயும் பிஸ்கட்டும் தீர்மானமுமாகப் போராடியவர், துண்டோடு ஓடி வந்து, சங்கத்தின் போராட்டம் வென்றது என்று நடுத்தெருவில் சொற்பொழிவாற்றினார். தெரு முழுவதும் பிழைத்த சந்தோஷத்தில் நான் அவரைத் திருத்தவில்லை. நாத்தனார் மட்டும், "அண்ணி, உங்க நாக்கு இருக்கே, அது குடியையும் கெடுக்கும், குடியையும் காக்கும்" என்றாள். அன்று மத்தியானம் அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன். உத்திரத்தை மாற்றத் தச்சர் வந்துவிட்டார். ஏணியை நான்தான் பிடிக்கிறேன்.

உனக்கும் உன் மனைவிக்கும் என் ஆசிகள். பேரப்பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரப் பழகட்டும்.

உன் நன்மையையே நினைக்கும்,
அக்கா

பி.கு.: மேலே நிம்மதி என்று எழுதிய இடத்தை அடித்துவிட்டுப் படிக்கவும். அடுக்குமாடிக்காரர் காரில் ஏறும்போது, "உங்க சொந்தத்துல யாருக்காவது இதே மாதிரி தோட்டத்தோட பழைய வீடு, ஆனா நல்ல அகலத் தெருவுல இருக்காம்மா?" என்று கேட்டார். நேருக்கு நேர் கேட்கிறவரிடம் எப்படிப் பொய் சொல்வது? உன் வீடும் தோட்டமும் அப்படித்தான், உன் தெருவில் இரண்டு லாரிகள் எதிரெதிரே தாராளமாகப் போகும் என்று சொல்லி, உன் விலாசத்தையும் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை அங்கே வருகிறார். நானும் நாத்தனாரும் புதன்கிழமை ரயிலேறுகிறோம். வெள்ளிக்கிழமைதான் வந்து சேருவோம். அதுவரை அவர் என்ன கேட்டாலும், வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை என்று சொல்.