அம்மாவுக்கு வந்த கோடிச் சேலை

மனதில் உள்ளதை எழுதத் தைரியம் இல்லாதவன் கடுதாசியே எழுதக் கூடாது. இந்த ஞானம் எனக்கு அம்மாவைச் சாகடித்த பிறகுதான் வந்தது. (பதற வேண்டாம். அதற்குப் பிறகும் இருபது வருஷம் என்னைத் திட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தாள்.)

உலகச் சண்டை நடந்த காலம். திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். வீட்டில் அம்மாவும் நானும்தான். கல்யாணமான மூன்றாம் மாதமே ஆடி வந்து, மாமனார் வழக்கப்படி என் மனைவி செல்லத்தாயைப் பந்தல்குடிக்குக் கூட்டிப் போய்விட்டார். ஆடி முடிந்து ஆவணியும் பாதி போயிற்று. அவரோ நாள் சரியில்லை, கிழமை சரியில்லை என்று பஞ்சாங்கத்தை விட்டு இறங்கவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்குக் கரி பூசிக்கொண்டிருந்தேன். அடுப்புக்கரியும் ஊமத்தை இலையும் சேர்த்து அரைத்த விழுது. முழங்கை வரை அப்பியிருந்தது. அப்போது பருத்தி லோடு ஏற்றிய வண்டிக்காரர் ஒருவர் தண்ணீர் குடிக்க நின்றார். வெளியூர் ஆள், பந்தல்குடி வழியாகப் போகிறவர். எனக்குத் திடீரென்று வீரம் வந்தது. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். 'உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை' என்று எழுதத்தான் ஆசை. ஆனால் படிக்கப்போவது மாமனார் ஆயிற்றே. 'செல்லத்தாயை உடனே கூட்டி வரவும். மற்றவை நேரில்' என்று எழுதி மடித்துக் கொடுத்தேன்.

வண்டிக்காரர் தாளைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "மனசத் தேத்திக்கங்க வாத்தியாரே. பொழுது சாயக் குடுத்துருவேன்" என்றார். என் ஏக்கம் ஊர் பேர் தெரியாத மனிதருக்குக்கூடப் புரிகிறதே என்று உருகிப்போனேன்.

கடுதாசி மூலையில் மஞ்சள் இருந்தால் நல்ல சேதி, கருப்பு இருந்தால் சாவுச் சேதி. எங்கள் பக்கம் எழுத்து தெரியாதவர்களுக்கும் இது தெரியும். வாத்தியாரான நானோ அது தோன்றாமல், கைக்கரியை நாலு மூலையிலும் தேய்த்து அனுப்பியிருந்தேன். எழுதியவன் நான், அதனால் செத்தது நான் இல்லை. மிச்சம் இருந்தது அம்மா.

மறுநாள் விடிந்ததும் இரண்டு வண்டிகள் வந்து நின்றன. மாமியாரும் உறவுப் பெண்களும் தலைவிரி கோலமாக இறங்கினார்கள். துட்டி கேட்டுச் சாவு வீட்டுக்கு வரும் பெண்கள் குனிந்த தலை நிமிராமல்தான் வருவார்கள். தோளில் விழும் கை யாருடையது என்று பார்க்காமல் கட்டிக்கொண்டு அழுவார்கள். கம்பு புடைத்துக்கொண்டிருந்த அம்மா, சம்பந்தி வீட்டில்தான் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து முறத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். தானும் கூந்தலை அவிழ்த்துவிட்டு, மாமியாரைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நல்ல குரல் வேறு.

ஒரு பாட்டம் அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, "போனது யாரு மதினி?" என்று கேட்டாள்.

மாமியார் அப்போதுதான் நிமிர்ந்தார். "நீங்கதான் மதினி."

சத்தம் கேட்டுக் கொல்லையிலிருந்து ஓடி வந்த என்னிடம் மாமனார் கடுதாசியை நீட்டினார். என் விரல் ரேகை அதில் அச்சாக விழுந்திருந்தது. "பெறகு எதுக்கு வரச் சொன்னீக மாப்ளை?" என்றார்.

இரண்டு பொய்கள் தயாராக இருந்தன. ஆனால் செல்லத்தாய் வழியெல்லாம் அழுது வீங்கிய கண்ணோடு வண்டிச் சக்கரத்தைப் பிடித்தபடி நின்றாள். என் அம்மாவுக்காக அழுத கண். அதைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"அவளப் பாக்காம இருக்க முடியல மாமா."

அத்தனை பெண்களும் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார்கள். மாமனார் நாளும் கிழமையும் பாராமல், செல்லத்தாயின் பெட்டியை இறக்கச் சொன்னார்.

அவர் அக்குளில் மறைத்து வைத்திருந்த கோடிச் சேலையை அம்மா பார்த்துவிட்டாள். பிணத்துக்குப் போர்த்தக் கொண்டுவந்த வெள்ளைச் சேலை. அவர் வெட்கப்பட்டுப் பின்னால் ஒளித்தார். "குடுங்கண்ணே. துணி கெடைக்காத காலத்துல, செத்தாத்தான் கட்டணுமா?" என்று வாங்கிக்கொண்டு, அந்தத் தீபாவளிக்கே உடுத்தினாள். மறுவருஷம் எங்கள் மகளுக்கு அதில்தான் தொட்டில். அபசகுனம் என்றவர்களை அம்மா சட்டை செய்யவில்லை.

இன்றும் நான் கடுதாசி எழுத உட்கார்ந்தால் செல்லத்தாய், "மொதல்ல கையக் காட்டுங்க" என்பாள். மகளோ, அப்பத்தா தொட்டில் நாளிலிருந்தே தனக்குச் சொல்லி வந்ததைத் தன் பிள்ளைகளுக்குச் சொல்கிறாள்:

"ஒங்கப்பன் என்னையச் சாகடிச்சுல்ல ஆத்தா, ஒங்காத்தாளக் கூட்டியாந்தான்."