தைப்பூசத் தண்ணீரும் என் தோள்துண்டும்

சுத்தக்காரன் என்று பெயர் எடுத்தவனை நம்பவே கூடாது. நான் ஒரு குழாய்த் தண்ணீரின் மானத்தையே வாங்கியவன், அதுவும் சுத்தம் பார்த்து!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். ஜார்ஜ்டவுனில் சுகாதார அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். தெருக் குழாய்களில் தண்ணீர் பிடித்து ஆய்வுக்கூடத்தில் கொடுப்பது வேலை. (வீட்டில், டாக்டருக்கு அடுத்தபடி நான்தான் என்று சொல்லிவைத்திருந்தேன்.)

தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில் அக்கா வீட்டுக்காரர் மாரிமுத்து அத்தான், துறைமுகக் கூட்டாளிகளோடு வருஷா வருஷம் தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல் போடுவார். அந்த வருஷம் புது உத்தரவு: பந்தல் குழாய்த் தண்ணீரில் கிருமி இல்லையென்றால்தான் அனுமதி.

"நம்ம மச்சினன் ஆபீஸ்ல இருக்கான்லா, என்னா கவலை!" என்று அத்தான் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

பூசத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது ஆய்வுக்கூடத்து அந்தோணி சார், ஆவியில் கிருமி நீக்கி வாயில் காகிதம் கட்டிய புட்டி ஒன்றைத் தந்தார். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று ஏதோ சொன்னார். "சரி சார், சரி சார்" என்று தலையாட்டினேன். காதில் ஒன்றும் ஏறவில்லை.

பந்தல் குழாயடியில், அத்தான் பக்கத்தில் நிற்க, புட்டியைத் திறந்தேன். பெரிய மனிதர் கைக்குப் போகிற தண்ணீர். கழுவாத ஏனத்தில் கொடுத்தால் நம்மை என்ன நினைப்பார்கள்? விரலை விட்டு மூன்று தரம் அலசினேன். தோள்துண்டால் அதன் வாயைச் சுற்றித் துடைத்தேன். (காலையில் சைக்கிள் சங்கிலியைத் துடைத்ததும் அதே துண்டுதான்.) பிறகுதான் தண்ணீர் பிடித்தேன்.

மூன்றாம் நாள் அந்தோணி சார் கூப்பிட்டார். "தம்பி, இது தண்ணியா சாக்கடையா? கிருமி கும்பல் கும்பலா நிக்குது. பந்தலுக்கு பெர்மிட் கெடையாது."

நானும் அத்தானிடம் போய், "குழாய்தான் மோசம் அத்தான்" என்றேன், பெரிய நிபுணன் மாதிரி.

அத்தான் முகம் விழுந்துவிட்டது. "வெயில்ல காவடி தூக்கிட்டு வர்றவங்களுக்கு நான் என்னடா பதில் சொல்றது?" என்றவர், என்னை இழுத்துக்கொண்டு நேரே அந்தோணி சாரிடம் போனார்.

"சார், பையன் மேல தப்பே இல்ல. நான் பக்கத்துலதான் நின்னேன். போத்தலை மூணு தரம் கழுவி, துண்டால பளபளன்னு தொடைச்சு, அப்பறம்தான் புடிச்சான்!"

அந்தோணி சார் நிமிர்ந்தார். என் தோளையே பார்த்தார். துண்டு அங்கேதான் கிடந்தது. வேலை போயிற்று என்று முடிவே கட்டிவிட்டேன்.

"கிருமிய குழாய்ல தேடிக்கிட்டிருக்கேன். அது உன் தோள்ல ஒக்காந்திருக்கு!" என்றார். மறுநாள் அவரே வந்து, குழாய் வாயைத் தீயில் காட்டி, புதுப்புட்டியில் பிடித்தார். நான் கையைப் பின்னால் கட்டி நின்றேன். முடிவு வரும்வரை ஆய்வுக்கூட வாசலையே சுற்றினேன்.

கிருமியே இல்லை! பூசத்தன்று பந்தல் நின்றது. காவடிகளோடு வந்த பிள்ளைகள் மடக் மடக்கென்று குடித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தோணி சாரும் வந்து இரண்டு தம்ளர் குடித்தார். வேலையும் தப்பியது.

இருபது வருஷமாகியும் அந்தப் பந்தல் உண்டு. தண்ணீர் ஊற்றும் வேலை எனக்குத்தான். ஆனால் நான் உள்ளே காலெடுத்து வைக்குமுன் அக்கா மகள் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள்.

"மாமா, மொதல்ல துண்டு!"

கொடுத்துவிட்டுத்தான் நுழைகிறேன்.