சகோதரர் ஆக்கப்பட்ட சிஸ்டர் சேவியர்

கோபக்காரனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. உலகத்தில் மற்ற எல்லோரும் வேலையைக் கெடுக்கிறவர்கள், தான் ஒருவன்தான் ஒழுங்காகச் செய்கிறவன் என்று நினைத்துக்கொள்வான். ஜமாலுதீன் ஆகிய நான் அந்த ரகம். அப்படி நினைத்துக்கொண்டுதான் ஒரு மடத்துக் கன்னியாஸ்திரிகளில் பாதிப் பேரை ஆண்களாக்கினேன்.

லாஸ்பேட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். டைப்பிங், பிரிண்ட், ரிப்பேர், சின்னச் சின்ன வெப்சைட். ஒரு நாள் சிஸ்டர் லூர்து வந்தார். டவுனில் ஒரு கன்னியர் மடத்தைச் சேர்ந்தவர். அவர்களுடைய பழைய வெப்சைட்டை வைத்திருந்த கம்பெனி தொழிலையே மூடுகிறதாம். மாதக் கடைசிக்குள் எடுத்துக்கொள்ளாவிட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்று மெயில் வந்திருந்தது.

திறந்து பார்த்தேன். பின்னணியில் நட்சத்திரம் மின்னியது. மேலே ஒரு வரி ஓடிக்கொண்டே இருந்தது. எழுத்தெல்லாம் பழைய ஃபான்ட். இன்றைய போனில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். இந்தக் குப்பையைக் காப்பாற்றி என்ன செய்யப்போகிறீர்கள், புதுசாக நாலு பக்கம் போட்டுத் தருகிறேன் என்றேன்.

அவர் என்னை உட்காரச் சொன்னார். என் கடையில், என்னை.

"எங்க கல்லறைல எடம் கம்மி தம்பி. கொஞ்ச வருஷம் போனா அதே குழிய தோண்டி அடுத்தவங்கள வைப்பாங்க. பேரு போட்ட கல்லும் போயிடும். பேர் சொல்ல எங்களுக்கு புள்ளயா குட்டியா? எறந்தவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு பக்கம்னு எங்க பெரிய சிஸ்டர் ஒக்காந்து எழுதி வச்சாங்க. அவங்களும் போயிட்டாங்க. அவங்களுக்கு நான் ஒரு பக்கம் எழுதிச் சேத்தேன். அதான் எங்களுக்குன்னு இருக்கற எடம்."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. ஆஸ்பத்திரியில் மலம் அள்ளி, யாரோ விட்டுப்போன குழந்தைகளை வளர்த்து, ஊர்ப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்த பெண்கள். ஒரு நடிகர் தின்ற தோசைக்கு இன்டர்நெட்டில் ஆயிரம் பக்கம் இருக்கிறது. இவர்களுக்கு இருந்த ஒரு மூலையை ஒரு கம்பெனி ஒரு மெயிலில் முடிக்கிறது. இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாளுக்குள் முடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அன்று மாலை மடத்து ஹாலில் திரை கட்டி எல்லோருக்கும் காட்டுவதாக ஏற்பாடு.

பழைய எழுத்தை இன்றைய எழுத்துக்கு மாற்றும் வேலை நன்றாகவே நடந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் இருந்த "சகோ." கண்ணை உறுத்தியது. "வணக்கம் சகோ", "செம சகோ" என்று ஃபேஸ்புக்கில் ஆள் தெரியாமல் தோளில் கை போடுகிற சொல். இறந்துபோனவர்களுக்கு இதுவா மரியாதை? முழுசாகப் போட முடிவுசெய்தேன். (யாராவது கேட்டார்களா? யாரும் கேட்கவில்லை.)

"சகோ" வரும் இடத்திலெல்லாம் "சகோதரி" போடச் சொல்லி ஒரு பட்டனைத் தட்டினேன். ஏற்கெனவே முழுசாக இருந்த "சகோதரி" எல்லாம் "சகோதரிதரி" ஆயிற்று. என் மனைவி ஷம்ஷாத் எட்டிப் பார்த்து, "யாருங்க இது, தரித்திரி?" என்று கேட்டாள். பிறகு அவளை அந்தப் பக்கமே வரவிடவில்லை.

அதைச் சரிசெய்யும்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. சர்ச் நோட்டீஸ் அடித்த பழக்கத்தில் எனக்குத் தெரியும், ஆண் துறவிகளுக்கும் "சகோ." என்றுதான் போடுவார்கள். இப்போது திரையில் "சகோதரி அந்தோணி", "சகோதரி பெர்நார்து" என்று நின்றது. நல்லவேளை பிடித்தேன் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். ஆண் பெயராகத் தேடித் தேடி "சகோதரர்" ஆக்கினேன். பெயரைப் பார்த்தேனே தவிர, பக்கத்தைப் படிக்கவில்லை. அரைகுறையாகக் கண்ணில் பட்ட வரிகளும் காட்டிக்கொடுக்கவில்லை. சென்றார், செய்தார், இறந்தார் என்று மரியாதையாக எழுதினால் தமிழில் ஆணும் பெண்ணும் ஒன்றுதானே. படமும் கிடையாது, படம் போடுவது தற்பெருமை என்று அந்த மடத்தில் வழக்கமில்லையாம்.

முடித்த திருப்தியில் பழைய ஃபைல்களை அழித்தேன். கம்பெனியும் சொன்னபடி மூடிவிட்டது.

கல்லறைத் திருநாள். ஹால் நிறைய சிஸ்டர்கள், பழைய மாணவிகள், முன்வரிசையில் பங்கு ஃபாதர். முதலில் பெரிய சிஸ்டர் பக்கத்தைத் திறக்கச் சொன்னார் சிஸ்டர் லூர்து. பெயர் என்ன என்று நான் கேட்பதற்குள் அவரே மவுஸைத் தட்டிவிட்டார். இளைய சிஸ்டர் ஒருவர் மைக்கில் வாசித்தார்.

"சகோதரர் சேவியர் நம் பெண்கள் விடுதியிலேயே தங்கி, இரவும் பகலும் மாணவிகளைப் பிரியாமல் இருந்தார்."

வாசித்தவர் நின்றுவிட்டார். ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்வரிசையில் ஒரு மாணவி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. எழுந்து நின்று, பிரதர்களை எல்லாம் தனியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன் என்று விளக்கம் வேறு சொன்னேன்.

சிஸ்டர் லூர்து மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபாதர்தான் எனக்கு விளக்கினார். மடத்தில் சேரும்போது ஒரு புனிதரின் பெயரைக் கொடுப்பார்களாம்; அது ஆண் புனிதராகவும் இருக்கலாமாம். (நான் முஸ்லிம், எனக்கெப்படித் தெரியும் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "எங்க ஸ்கூல்ல சிஸ்டர் ஜோசப்புனே ஒருத்தங்க இருந்தாங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?" என்றாள் ஷம்ஷாத். அவளும் முஸ்லிம்தான்.)

"எங்க பெரிய சிஸ்டர் வீட்ல வச்ச பேர வாசல்ல விட்டுட்டு வந்தாங்க," என்றார் சிஸ்டர் லூர்து. "குடுத்த பேர ஏத்துக்கிட்டாங்க. சிஸ்டருங்கறது ஒண்ணுதான் தம்பி அவங்களா ஆசப்பட்டு வாங்குனது. அதையும் எடுத்துட்டியே."

குரலில் கோபம் இல்லை.

திரும்பிப் பார்க்க மூலப் பிரதி இல்லை. மடத்தோடு சேர்ந்து வேலை செய்த நிஜ பிரதர்கள் சிலருக்கும் நடுவில் பக்கம் இருந்ததாம், அதனால் எல்லோரையும் மொத்தமாகச் சகோதரி ஆக்கவும் முடியாது. வேறு வழியில்லாமல் மடத்து வரவேற்பறையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். வயதான சிஸ்டர்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வாக்குவாதம்.

"பெர்நார்துன்னா யாரு, சமையக்கட்டு பெர்நார்தா?"

"இல்ல சிஸ்டர், இது தையல் பெர்நார்து. சமையக்கட்டு பெர்நார்து கோவக்காரி, அவளுக்கு யாரு இவ்ளோ நல்லா எழுதுவா?"

இந்த முறை எல்லாப் பக்கத்தையும் படித்தேன். கோபக்காரி பெர்நார்து பக்கத்தை மட்டும் இரண்டு முறை. தன் தட்டுச் சோற்றை விடுதிப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, சாப்பிடக் கூப்பிடுகிறவர்களைப் பசியில்லை என்று திட்டி விரட்டுவாராம்.

ஒரு பெயர் மட்டும் தீரவில்லை. ஸ்தனிஸ்லாஸ். "காய்ச்சல் கண்ட கிராமத்துக்குச் சென்றார். திரும்பவில்லை." அவ்வளவுதான் பக்கம். ஆணா பெண்ணா என்று சொல்ல உயிரோடு யாரும் இல்லை. சகோதரி என்றே போட்டுவிடலாம் என்றேன்.

"தெரியாதத தெரிஞ்ச மாதிரி போடாத," என்றார் சிஸ்டர் லூர்து. அந்த ஒரு பக்கத்தில் "சகோ." இன்றும் அப்படியே இருக்கிறது. மொத்தத்துக்கும் ஒரு பிரதி மடத்தில், ஒன்று கடையில், ஒன்று ஷம்ஷாத் கம்மல் வைக்கும் டப்பாவில்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு மடத்திலிருந்து கேக் வருகிறது. டப்பாமேல் சிஸ்டர் லூர்து தன் கையால் எழுதியிருப்பார்: சகோ. ஜமாலுதீன். ஷம்ஷாத் அதை வாங்கிக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, சகோதரி ஜமாலுதீன் வீட்டில் இருக்கிறார்களா என்று விசாரிப்பாள்.

உள்ளேயிருந்து என் மகள் பதில் கொடுப்பாள். "இருக்காங்கம்மா. தாடி சீவிக்கிட்டு இருக்காங்க."