தூபுவின் முழங்கால்

"வைத்தியம் பார்க்க வக்கில்லாதவன் நாய் வளர்க்கவே கூடாது!" சோற்றுக் கிண்ணத்தை டொக்கென்று வைத்தார் தோக்சூ. கொரியாவின் சுவோன் நகரத்து அடுக்குமாடி வீட்டில் அன்றைக்கு அதுதான் சட்டம்.

சட்டம் போடுவது மட்டும்தான் அவர் வேலை. சம்பளம் மொத்தமும் போய் விழுவது மனைவி மால்சுன் கணக்கில். அவர் கைக்கு வருவது பஸ்ஸுக்கும் காபிக்கும்தான். அதிலேயும் மிச்சம் பிடித்து, ஓவர்டைம் காசை மறைத்து, தூண்டில் பைக்குள் ஒரு புதையல் சேர்த்திருந்தார். அந்த ஊரில் எந்தப் புருஷன்தான் சேர்க்கவில்லை? புதுசாக ஒரு நல்ல தூண்டில் வாங்கிவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

"போன வருஷம் உங்களுக்கு மூட்டு வலி வந்தப்போ கையில காசா இருந்துச்சு? உங்கள வெளிய துரத்தினேனா?"

"நானும் நாயும் ஒண்ணா?"

"அதெப்படி? நாய் சொன்ன பேச்சு கேக்குமே."

மால்சுன் குரலைத் தாழ்த்தினாள். "பாவங்க, நாய்க் காப்பகத்துல ஒண்ணு முழங்கால் நழுவி நொண்டுது. நல்ல வீடு கிடைக்கிற வரைக்கும் நாம பாத்துக்கிட்டா போதும். வைத்தியச் செலவெல்லாம் காப்பகத்தோடது."

"நம்ம காசு?"

"ஒரு வொன் கிடையாது."

நாய் வந்தது. டோஃபு என்கிற சோயாக் கட்டி மாதிரி வெள்ளை, அதனால் அதன் கொரியப் பெயரே நாய்க்கும்: தூபு. காலில் ஆபரேஷன் நடந்தது, கட்டும் போட்டார்கள். முதல் வாரம் தோக்சூ ஏறிட்டும் பார்க்கவில்லை. இலையுதிர்காலம் வருவதற்குள் சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோலுரித்து, ஊதி ஊதி ஊட்டிக்கொண்டிருந்தார். கேட்டால், "மருந்து உள்ள போகணும்ல?" என்பார். நாயைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்துப் பூங்காவைச் சுற்றியதும் உண்டு.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மால்சுன் சாதாரணமாகச் சொன்னாள்: "நாளைக்குத் தூபுவைக் கூட்டிட்டுப் போக வர்றாங்க."

தோக்சூவுக்குக் கிம்ச்சி ஊறுகாய் புரையேறியது. "யாரு?"

"வசதியானவங்க. இன்னொரு காலும் நழுவினா நம்மளால முடியுமா? நீங்க சொன்னதுதாங்க நியாயம்."

தூபு அவர் பாதத்தில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. தூண்டிலாவது மண்ணாங்கட்டியாவது!

"யாரும் வர வேணாம்! என்கிட்ட பணம் இருக்கு!"

ஓடிப்போய்த் தூண்டில் பையை எடுத்து வந்து உள்ளே கைவிட்டுத் துழாவினார். முள் இருந்தது. தக்கை இருந்தது. பணத்தைக் காணோம்.

"ஐயையோ, திருட்டுப் போயிடுச்சு!"

"கத்தாதீங்க. அது தூபு காலுக்குப் போயிடுச்சு."

"காப்பகம் குடுக்கும்னியே?"

"காப்பகம் ஏதுங்க? மார்க்கெட்டுக்குப் பின்னால கிடந்துச்சு, தூக்கிட்டு வந்தேன். அன்னிக்கே நாய உங்க பேர்லதான் பதிவு பண்ணேன்."

"அப்போ நாளைக்கு வர்றவங்க?"

"யாரும் வரல. நம்ம நாய்னு உங்க வாயால வரணுமில்ல?"

கோபம் வந்திருக்க வேண்டும். அதற்குள் தூபு நாலு காலிலும் பாய்ந்து மடியில் ஏறி மோவாயை நக்கிவிட்டது. தோக்சூ சிரித்துவிட்டார். சிரிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. செருப்பு அலமாரியில் அவருடைய பழைய பட்டாளத்து பூட்ஸ் இருந்தது. இரண்டாவது புதையல் அதற்குள் பத்திரமாக இருந்தது.

"சரி, தூபு நம்ம புள்ள. ஆனா இதோட சரி! இனிமே வைத்தியத்துக்கு இந்த வீட்டுல சல்லிக் காசு கிடையாது!"

"அப்படிச் சொல்லாதீங்க. மாடிப்படிக்குக் கீழ ஒரு பூனை கண்ணெல்லாம் பீளை கட்டிக் கிடக்கு," என்றாள் மால்சுன். "பூட்ஸுக்குள்ள இருக்கிறது அதுக்குப் போதும்."