முனியாண்டிக்கு ஒரு சூப்பான்

அன்னைக்கு ஞாயித்துக்கெழம. எனக்கு ஒரே ஒரு வேலைதான். எஸ்டேட் முனியாண்டி கோயிலுக்குப் போயி, புள்ளைங்க வாயில வெச்சுச் சப்புற ஒரு ரப்பர் சூப்பானைச் சூலத்துல கட்டிட்டு வரணும். அரை மணி நேர வேலை.

சிரிக்காதீங்க. காரணம் இருக்கு.

எழுபதுகளோட கடைசி. மலேசியாவுல, கேமரன் மலையில தேயிலை பேக்டரியில எனக்கு வேலை. எம்மவ செல்விக்கு அஞ்சு வயசு ஆகப் போகுது, இன்னும் வாயில சூப்பான்! சோறு திங்கிறப்ப மட்டும் வெளிய வரும். பேச்சும் அதோடயேதான். பாதி வார்த்தை, பாதி எச்சி.

பாலர் பள்ளி டீச்சரம்மா கண்டிசனாச் சொல்லிட்டாங்க. "பல்லு இப்பவே முன்னால வந்துருச்சு பாருங்க. திங்கக்கெழமதான் பேரு பதியுற கடைசி நாளு. இது வாயில இருந்தா நான் சேத்துக்க மாட்டேன்."

எங்க லயத்து வரிசை வீடுங்கள்ல அவ வயசுப் புள்ளைங்க எல்லாம் சேந்தாச்சு. எம்மவ மட்டும் வாசல்ல நிக்கணுமா?

செய்யாத வைத்தியம் இல்ல. பாகற்காய்ச் சாறு தடவுனேன். மூஞ்சியச் சுளிச்சா, அப்புறம் "இன்னும் குடுப்பா"ங்கிறா! சிலி பாடி மொளகாய நசுக்கித் தடவுனேன். அந்தக் கையாலயே கண்ணத் தொடச்சுக்கிட்டு, நாந்தான் பைப்படியில குதிச்சேன்.

மிச்சம் சாமிதான். "முனியாண்டி, இந்தா சூப்பான், நீ வெச்சுக்க. எம்மவளுக்குப் பழக்கத்த நிறுத்திரு"ன்னு வேண்டிக்கிட்டேன்.

என் சம்சாரம் பாக்கியம் கேட்டா, "காரியம் முடிஞ்சப்புறம்தானே காணிக்கை?"

"போடி. அட்வான்ஸாக் குடுத்தாத்தான் சாமி தட்ட முடியாது."

புள்ள தூங்குற நேரமா பாத்து, வாயிலேர்ந்து மெதுவா உருவி எடுத்துக்கிட்டு கோயில் மேட்டுக்கு ஓடுனேன்.

பூசாரி அண்ணன் ஆசையாக் கைய நீட்டுனாரு. பாத்தாரு. ரெண்டடி பின்னால போனாரு.

"தம்பி! இது எச்சியில்ல?"

"புள்ள எச்சிதானேண்ணே..."

"எச்சிபட்டத சாமிக்கு வெப்பாங்களா? முனியாண்டி கோவக்காரரு. எஸ்டேட்டுக்கே ஆகாது. புதுசா வாங்கிட்டு வா, போ!"

ஐயோ, எனக்கு எப்படித் தோணாமப் போச்சு!

அதுக்குள்ள கீழ லயத்துல செல்வி முழிச்சுட்டா. அந்த அலறல் மேடு வரைக்கும் கேக்குது. பாக்கியம் மூச்சு வாங்க ஏறி வந்தா. "முதல்ல அதக் குடுங்க! பக்கத்து வீட்டுல நான் புள்ளைய அடிக்கிறேன்னு நெனைக்கிறாங்க!" புடுங்கிட்டுப் போயிட்டா.

பஸ் ஏறி தானா ராத்தா டவுனுக்குப் போனேன். தௌக்கேன்னு நாங்க கூப்புடுற சீன மொதலாளி கடையில புதுசு ஒண்ணு வாங்குனேன். வெள்ளவெளேர்னு, நீல வளையத்தோட இருந்துச்சு.

நேரா கோயிலுக்குப் போயிருக்கணும். புத்தி கெட்டவன், கற்பூரம் எடுக்க வீட்டுக்குள்ள நொழஞ்சேன். சூப்பானை மேசையில வெச்சுட்டு, மாடத்துப் பக்கம் திரும்பி ஒரு நிமிசம்கூட ஆகல.

"அப்பா, புதுசு!"

வாயில இருந்த பழசு கையில. புதுசு வாயில.

"துப்பு! துப்புடி! அது சாமியோடது!"

"நல்லா இருக்குப்பா."

பாக்கியம் அடுப்படியிலேர்ந்து, "அதுவும் எச்சியாச்சா?"ன்னு கேட்டா. கதவச் சாத்திட்டு மறுபடி பஸ்ஸுக்கு ஓடுனேன்.

தௌக்கே என்னைய ஏற எறங்கப் பாத்தாரு. "இப்பதானே லா வாங்குனே? ரெட்டப் புள்ளையா?"

"இல்ல தௌக்கே. சாமிக்கு."

அந்த மனுசன் கல்லாவ லேசா தன் பக்கம் இழுத்துக்கிட்டாரு.

இந்தத் தடவ சட்டைப் பைக்குள்ள போட்டு, பொத்தானும் போட்டு, கையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, வீட்டுப் பக்கமே திரும்பாம மேடு ஏறுனேன். மழை வேற புடிச்சுக்கிச்சு. நனைஞ்சு நடுங்கிக்கிட்டு நின்னேன்.

பூசாரி அண்ணன் மோந்து பாத்தாரு, தண்ணி தெளிச்சாரு, கயித்துல கோத்துச் சூலத்துல கட்டுனாரு. கயிறு கொஞ்சம் நீளம். சூப்பான் ஆடி ஆடி, சரியா முனியாண்டி மீசைக்குக் கீழ போயி நின்னுச்சு.

"சாமி ஏத்துக்கிட்டாருப்பா!"ன்னு கற்பூரத்தக் கொளுத்துனாரு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

மறுநா பேரு பதியப் போனோம். செல்வி வாயில ஒண்ணு, கையில ஒண்ணு.

டீச்சரம்மா பேனாவைக் கீழ வெச்சாங்க. "என்னங்க இது? போன வாரம் ஒண்ணுதானே இருந்துச்சு!"

"முனியாண்டிக்கிட்ட வேண்டியிருக்கேன் டீச்சர்."

"வேண்டி என்னாச்சு? புள்ள விட்டுட்டாளா?"

"இல்ல டீச்சர். சாமியும் ஆரம்பிச்சுட்டாரு."